ஏரிக் கூட்டத்தில் பேசியது ஏட்டில் ஏற வேண்டும்

தை பிறந்து ஏரி நீர் பாதிக்குக் கீழே இறங்கியதும் பாசனக்காரர்கள் கூட்டம் போடுவது ஏரிப்பாசன ஊர்களில் வழக்கம். ஐப்பசியில் நட்ட நெல் பூத்துப் பால் பிடிக்கும் நேரம் அது. அப்போது ஒரு தண்ணீர் தவறினால் கதிரில் பதர் மிகுந்துவிடும். தலைமடையில் நிலம் உள்ளவருக்குக் கூட்டத்தால் ஆக வேண்டியது அதிகம் இல்லை. மதகைத் திறந்தால் அவர் வயல்தான் முதலில் நனைகிறது. கடைமடையில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கோ அந்த வருடத்து நெல்லே அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அவர்தான் தாமதமாக வருகிறார், ஓரமாக நிற்கிறார், பேசாமல் திரும்புகிறார். கூட்டம் கலைந்தபின் டீக்கடையில் அவர் பேசுவது முழுக்க நியாயமாக இருக்கும். ஆனால் அதைக் கேட்டு யாரும் மதகுக்குப் போகப் போவதில்லை.

கூட்டத்தில் பேசிவிட்டாலும் பாதி வேலைதான் முடிந்தது. பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை என்றால், பத்து நாள் கழித்துத் தகராறு வரும்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். "அப்படியா பேசினோம்?" என்ற ஒரு கேள்வியில் கூட்டம் முழுவதும் வீணாகிவிடும்.

கூட்டத்துக்கு முன்

பேச வேண்டியதைக் கூட்டத்துக்கு முன்பே யோசித்துக்கொள்வது நல்லது. கடைமடை விவசாயிகள் முதல்நாள் மாலை கூடிப் பேசி, தங்கள் கோரிக்கை என்ன, தங்கள் சார்பில் யார் பேசுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்து கத்துவதைவிட, ஒருவர் பேசி மற்ற ஒன்பது பேரும் "ஆமாம், அதுவே எங்கள் கருத்து" என்று சொன்னால் அதற்கு எடை அதிகம். பேசுபவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். அதில் மூன்று செய்திகள் போதும்: எந்த மதகு, எத்தனை ஏக்கர், என்ன வேண்டும். "எங்களுக்குத் தண்ணீரே வருவதில்லை" என்பது புலம்பல். "கீழ மதகில் கடைசி 18 ஏக்கருக்குக் கடந்த 12 நாளாகத் தண்ணீர் வரவில்லை" என்பது கோரிக்கை. இரண்டாவதைத்தான் புத்தகத்தில் எழுத முடியும்.

பேசும்போது தலைவரைப் பார்த்துப் பேச வேண்டும். எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசினால் தண்ணீர்ப் பேச்சு வரப்புச் சண்டையாகவும், வரப்புச் சண்டை பழைய பங்காளிச் சண்டையாகவும் போய்விடும். ஒரு பொருள் முடிந்தபின் அடுத்ததற்குப் போக வேண்டும். குத்தகைக்குப் பயிர் செய்பவர்களையும், வெளியூரில் வேலை பார்க்கும் கணவருக்குப் பதிலாகச் சாகுபடியைக் கவனிக்கும் பெண்களையும் கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது சில ஊர்களில் இருக்கிறது. மடையில் இரவில் காவல் நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்த அளவு நீர்நிலவரம் பட்டாதாரருக்குக்கூடத் தெரியாது.

தீர்மானம் எழுதும் விதம்

பல சங்கங்களின் புத்தகங்களில் காணப்படும் தீர்மானம் இப்படி இருக்கும்: "நீர்ப் பங்கீடு பற்றி விவாதிக்கப்பட்டது. ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது." இதை எழுதாமலே இருந்திருக்கலாம். யார் செய்வது, எப்போது செய்வது, எவ்வளவு என்று ஒன்றுமே இதில் இல்லை.

அதே கூட்டத்து முடிவை இப்படி எழுதலாம்: "ஏரியில் உள்ள நீர் இனி 10 நாளுக்கே காணும் என்பதால், கீழ மதகுப் பாசனம் 60 ஏக்கருக்கும் முறை வைத்துப் பாய்ச்சுவது என்றும், தை 12ஆம் நாள் காலை 6 மணிக்குக் கடைமடையிலிருந்து முறையைத் தொடங்குவது என்றும், ஏக்கருக்கு 4 மணி நேரம் விடுவது என்றும், மதகுச் சாவி நீர்ப்பாய்ச்சியிடம் மட்டுமே இருக்கும் என்றும், முறை மீறி மடை திறப்பவர் சங்கத்துக்கு ரூ.500 (ரூபாய் ஐந்நூறு மட்டும்) செலுத்த வேண்டும் என்றும் தீர்மானிக்கப்பட்டது."

கணக்கைச் சரிபார்த்த பிறகே எழுத வேண்டும். ஏக்கருக்கு 4 மணி என்றால் ஒரு நாளைக்கு 6 ஏக்கர் பாயும். 10 நாளில் 60 ஏக்கர். அரை ஏக்கர்காரருக்கு 2 மணி நேரம். கணக்கில் இடிக்கும் தீர்மானம் ஏட்டில் அழகாக இருக்கும், மதகில் நிற்காது. காரணத்தை ஒரு வரியில் எழுதுவதும் அவசியம். "10 நாளுக்கே நீர் காணும்" என்ற சொற்கள் இருந்தால், இடையில் மழை பெய்து ஏரிக்கு நீர் வந்தால் முறையை மாற்றிக்கொள்ள மறு கூட்டம் போடலாம் என்பது எல்லோருக்கும் விளங்கும்.

யார் என்ன பேசினார் என்று முழுவதும் எழுதத் தேவையில்லை. அப்படி எழுதினால் சண்டைதான் பதிவாகும். ஆனால் முடிவை ஏற்காதவர் தம் ஆட்சேபணையைப் பதிவு செய்யச் சொன்னால், பெயரையும் காரணத்தையும் சுருக்கமாக எழுதியே ஆக வேண்டும். தலைமடைக்காரர் ஒருவர், "என் நாற்று பிந்தி நட்டது, பத்தாம் நாள் வரை தாங்காது" என்று சொன்னால் அதுவும் நியாயமான பேச்சுதான். இரண்டு பேர் ஆட்சேபித்திருக்க "ஏகமனதாக" என்று எழுதுவது பொய்யான பதிவு. பின்னால் மற்ற தீர்மானங்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

கூட்டம் கலையும் முன் எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பல ஊர்களில் வந்தவுடன் ஒரு வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, "தீர்மானத்தை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்" என்பார்கள். வருகைக்காகப் போட்ட கையெழுத்து, மறுநாள் எழுதும் தீர்மானத்துக்குச் சம்மதமாகிவிடும். வருகைக் கையெழுத்து என்றால் பக்கத்தின் மேலே நாளும் "வருகை" என்ற சொல்லும் இருக்கிறதா என்று பார்த்தே போட வேண்டும். தீர்மானத்துக்கான கையெழுத்தைக் கடைசி வரிக்கு அடியில், இடைவெளி விடாமல் போட வேண்டும். பாக்கி இடத்தைக் குறுக்குக் கோடிட்டு அடைத்துவிட வேண்டும். கைநாட்டு வைப்பவருக்குத் தீர்மானத்தைத் தனியே ஒருமுறை படித்துக் காட்டி, ரேகைக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுதி, படித்தவரும் கையெழுத்திட வேண்டும்.

பக்க எண் போட்ட தைத்த நோட்டுப் புத்தகமே நல்லது. தனித்தாளை யாரும் உருவிவிடலாம். தவறாக எழுதியதைச் சுரண்டாமல், ஒரு கோடு அடித்து, பக்கத்தில் தலைவர் சுருக்கொப்பம் இட வேண்டும். இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி இருப்பதால், கையெழுத்தான பக்கத்தை இரண்டு மூன்று பேர் படம் எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இதெல்லாம் புதுப் பழக்கம் அல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சி ஆண்டுகளில் (கி.பி. 919, 921) சபை எடுத்த முடிவுகள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் பெற்ற கல்வெட்டுகள் இவை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்பது அங்கே தெளிவாக இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் மறுபடி வரக்கூடாது என்பதும் இருக்கிறது. எந்த ஆண்டு, அரசு அதிகாரி யார் உடன் இருந்தார், சபையார் சொல்ல எழுதியவர் யார் என்பதும் உண்டு. முதல் ஏற்பாட்டை இரண்டே ஆண்டில் திருத்தியபோது, திருத்தத்தையும் அதேபோல் வெட்டி வைத்தார்கள். அது பிராமண நிலவுடைமையாளரின் சபை. உழுதவனுக்கு அதில் இடம் இல்லை. இருந்தாலும் எழுதி வைத்த முறையைக் குறை சொல்ல இயலாது.

நகல் போகும் இடம்

முறைப்பாசனம் ஊருக்குள் முடிகிற காரியம். மதகுக் கதவு பழுது, கரை உடைப்பு, வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பு ஆகியவற்றுக்குத் தீர்மானத்தின் நகல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. இடம் மாறிக் கொடுத்தால் மனு ஒரு மாதம் மேசை மேசையாகச் சுற்றும். நகலின் மறு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அதே கோரிக்கையைக் கிராம சபையிலும் வைக்கலாம். 2022 முதல் தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை நடைபெறுகிறது. மார்ச் 22 உலக தண்ணீர் தினம். ஏரி வேலைகளைப் பேசப் பொருத்தமான நாள். கோடை மழைக்கு முன்பே மதகைப் பழுது பார்க்க அவகாசமும் இருக்கும். அங்கும் தீர்மானம் எழுதப்படும் வரை காத்திருந்து, படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே எழுந்து வர வேண்டும். நகல் தர மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ரூ.10 கட்டணத்துடன் ஊராட்சிக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக, சென்ற கூட்டத்தின் தீர்மானத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும். முறை சரியாக நடந்ததா, அபராதம் வசூலானதா, நகல் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலையும் எழுத வேண்டும். தலைவர் மாறும்போது பழைய தலைவர் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. எனவே புதிய தலைவர் பொறுப்பேற்கும் அன்றே எத்தனை புத்தகங்கள், எந்தப் பக்கம் வரை எழுதப்பட்டுள்ளது என்று குறித்து, இருவரும் கையெழுத்திட்டுக் கைமாற்றிக்கொள்ள வேண்டும்.