கக்கூஸ் தொட்டியும் கிருகஸ்த தர்மமும்

விருந்தாளிகள் வந்திருக்கும் நாள் பார்த்துத் தகராறு செய்யும் சாமான் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அந்தப் பெருமை கக்கூஸ் தண்ணீர்த் தொட்டியைச் சேர்ந்தது. பொத்தானை அழுத்தினால் ஜலம் வெகு கோபமாகப் புறப்படும்; பாதி வழியில் சாந்தமடைந்து நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் அந்தக் கோபமும் இராது.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1901-ம் வருஷம் கல்கத்தா காங்கிரஸுக்குச் சென்றிருந்த காந்திஜி, அங்கே கக்கூஸுகள் இருந்த அலங்கோலத்தைக் கண்டு, துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அவருக்கு இழுக்காகத் தோன்றாத காரியத்தைப் பற்றி நாம் பேசுவதில் குற்றமில்லை.

குழாய் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் வந்தார். ஆயுதப் பையைத் திறக்கவில்லை. "ஒரு வாளித் தண்ணீர் கொடுங்கள், ஸார்!" என்றார். வாளியை வாங்கி, பீங்கானுக்குள் ஒரே வீச்சில் கொட்டினார். பெரும் முழக்கத்துடன் அவ்வளவும் இறங்கிப் போயிற்று.

"கீழே வழி சரியாயிருக்கிறது. குற்றம் மேலே, தொட்டியில்தான்!" என்று தீர்ப்பளித்தார்.

இந்த ஒரு வாளிப் பரீட்சையை ஒவ்வொரு கிருகஸ்தரும் அறிந்திருத்தல் நலம். பீங்கானுக்கு அடியில் குழாய் வளைந்திருக்கிறது. அந்த வளைவில் எப்பொழுதும் ஜலம் தங்கி, சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் காக்கிறது. 1775-ம் வருஷத்திலேயே அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் இத்தகைய வளைவுடன் கூடிய கக்கூஸுக்கு லண்டனில் காப்புரிமை பெற்றார். அந்த வளைவைத் தாண்டி அழுக்கைத் தள்ள, ஜலத்தின் அளவு மட்டும் போதாது, வேகமும் வேண்டும். சில விநாடிகளில் மொத்தமாக இறங்கும் ஆறு லிட்டர் செய்யும் வேலையை, சொட்டுச் சொட்டாக இறங்கும் இருபது லிட்டர் செய்யாது.

மேஸ்திரி தொட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளேயிருந்து வெளிப்பட்டது அரைச் செங்கல் ஒன்று! அது நான் வைத்ததுதான். 2019-ம் வருஷக் கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, சென்னை நகரமே குடத்துடன் லாரிக்குக் காத்துக் கிடந்ததல்லவா? தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்போது போட்டது. செங்கல் ஊறிக் கரைந்து, அதன் மணல் அடியிலிருந்த ரப்பர் மூடியின் கீழே புகுந்து, ஜலம் ஓயாமல் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. சிக்கனத்துக்காக வைத்த கல்லே இரவும் பகலும் தண்ணீரை விரயம் செய்திருக்கிறது!

இத்தகைய கசிவைக் கண்டுபிடிக்கச் சுலபமான உபாயம் ஒன்று உண்டு. துணிக்குப் போடும் நீலத்தில் சில சொட்டுத் தொட்டியில் விட்டு, கால் மணி நேரம் யாரும் பொத்தானைத் தொடாமல் இருக்க வேண்டும். பீங்கானில் நீலம் தெரிந்தால் ரப்பர் மூடியை மாற்ற வேண்டியதுதான். கசிவில்லாமலே வேகம் குறைந்தால், ஜல மட்டத்தைப் பார்க்க வேண்டும். வழிவுக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே வரை ஜலம் நிற்க வேண்டும். குறைவாக நின்றால் மிதவையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும்.

தியாகராய நகரிலும் அடையாற்றிலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீடுகளில் மற்றொரு தொல்லை உண்டு. கடின நீரிலுள்ள சுண்ணாம்பு, பீங்கான் விளிம்பின் அடியிலுள்ள சிறு துவாரங்களை அடைத்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் அது தெரியும். வெதுவெதுப்பான காடியை, அதாவது வினிகரை, வழிவுக் குழாயில் ஊற்றி ஓர் இரவு விட்டுவைத்து, காலையில் கம்பியால் துவாரங்களைக் குத்திவிடலாம். அவசரப்பட்டு ஆஸிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுவது பெரும் அபாயம். அவை கலந்தால் குளோரின் என்னும் விஷ வாயு உண்டாகும்.

வாளித் தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி நின்றால், அடைப்புக் கீழே இருக்கிறது. முதலில் ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோலால் அழுத்திப் பார்க்கலாம். ஜலம் இறங்கும்போது ஸ்நான அறைத் துவாரம் 'களக், களக்' என்று சப்தமிட்டால், மொட்டை மாடிக் காற்றுக் குழாயில் சருகோ பறவைக் கூடோ அடைத்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால் வாசலிலுள்ள சேம்பர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சேம்பர் காலியாயிருந்தால் அடைப்பு வீட்டுக்குள். நிரம்பி நின்றால் வெளியே, பெரும்பாலும் தெருச் சாக்கடையில். பிந்தியதானால் குடிநீர் வாரியத்துக்குத் தெரிவித்து, இயந்திர வண்டியை வரவழைப்பதே முறை.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தவறு செய்கிறோம். வண்டி வரத் தாமதமானால், "யாராவது ஓர் ஆளைப் பிடித்து இறக்கிவிடலாமே!" என்று சொல்லிவிடுகிறோம். சாக்கடைக் குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நிமிஷங்களில் உயிரைக் குடித்துவிடும். 2013-ம் வருஷச் சட்டப்படி, தக்க பாதுகாப்புக் கவசமின்றி ஒருவரைச் சாக்கடையிலோ மலத் தொட்டியிலோ இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இறக்கியது அதிகாரியா வீட்டுக்காரரா என்று சட்டம் பேதம் பார்ப்பதில்லை. சாக்கடையில் மாண்டவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உத்தரவிட்ட சுப்ரீம் கோர்ட், 2023-ல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே தவிர, போன உயிர் எதுவும் திரும்பி வரவில்லை.

அந்தக் குழியை அடைப்பது எது? குழந்தையின் டயப்பர், மாதவிடாய்த் துணி, ஈரக் காகிதம், தலைமயிர், சமையல் எண்ணெய் ஆகியவையே. 'கண்ணுக்கு மறைந்தால் சரி' என்று நாம் தள்ளிவிட்டவை மறைவதில்லை. வேறொருவர் கண் முன்னே போய் நிற்கின்றன. கக்கூஸ் ஓரத்தில் மூடி போட்ட குப்பைக் கூடை ஒன்றை வைப்பது பெரிய தேச சேவையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் அதனால் ஒரு மனிதர் குழியில் இறங்காமல் இருக்கக்கூடும்.

எங்கள் அரைச் செங்கல் இப்பொழுது மல்லிகைத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கக்கூஸ் ஓரத்தில் கூடை ஒன்றும் வாளி ஒன்றும் வைத்திருக்கிறோம். அடுத்த விருந்தாளி தாராளமாக வரலாம்.