சம்பா கோவில் முகப்பு

திண்டிவனம் சாலையில் தட்டாஞ்சாவடி தாண்டிப் புதுச்சேரி நகருக்குள் வருபவர்கள், மிஷன் வீதியில் நின்று சம்பா கோவில் என்னும் கத்தோலிக்க ஆலயத்தின் முகப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். கீழே டோரிக், மேலே அயோனிக் பாணிகளில் இரட்டை இரட்டையாகத் தூண்கள். பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் அளவுகளை மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்கள் மீட்டெடுத்து வகுத்த அழகு இது. எவ்வளவு உறுதியான ஒழுங்கு!

கோவிலுக்கு இத்தகைய அழகு எதற்கு? அதன் பின்னே ஒரு பழைய சர்ச்சை உண்டு. வேதாகமமே இறுதி அதிகாரம் என்று சமயச் சீர்திருத்தவாதி லூத்தர் வாதிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையோ ட்ரெண்ட் சங்கத்தில் (1545–1563) திருவுருவ வணக்கத்தை உறுதிசெய்து, கோவிலின் எழிலையே போதனையாக்கியது.

அந்தச் சர்ச்சை நம் கடற்கரைக்கும் வந்தது. லூத்தரன் போதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். புதுச்சேரியிலோ கத்தோலிக்கரான இயேசு சபையினர் கோவில் எழுப்பினர். அதை 1761இல் ஆங்கிலேயர் இடித்தனர். இன்றைய கோவில் 1791இல் நிறைவுற்றது.