பேசாத பேருரை

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துத் தருமாறு அரசனிடம் பரிசு கேட்ட அறிஞனின் கதையை நாமெல்லாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். அறுபத்துநான்கு கட்டங்களை நிரப்பவே அரசனின் களஞ்சியம் போதவில்லை. பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் இருந்திருப்பின் நெல்மணிகளின் தொகை 147573952589676412927 ஆகியிருக்கும். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வருவதும் இவ்வெண்ணே. இருபத்தோர் இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணுக்குச் சுவையானதொரு வரலாறு உண்டு.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாததை முதன்மை எண் என்பர். பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் இவ்வெண்ணையும் முதன்மை எண்ணெனக் குறித்தார். சான்று எதுவும் காட்டினாரல்லர். ஆயினும், 232 ஆண்டுகள் அக்கூற்றைப் பொய்யென நிறுவ எவராலும் இயலவில்லை.

1876ஆம் ஆண்டில் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், இது முதன்மை எண் அன்று என நிறுவினார். விந்தை யாதெனின், இதனை வகுக்கும் எண் எதுவென்று அவருக்கும் தெரியாது! பூட்டிய பெட்டியைத் திறவாமலே உள்ளே பொருள் உண்டென்று உறுதிசெய்தது போன்றது அவர் முறை.

பெட்டியைத் திறந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல். இவ்வெண்ணை வகுக்கும் எந்த முதன்மை எண்ணையும் 134ஆல் வகுத்தால் மீதி ஒன்றே வரவேண்டும் என்பது கணித விதி. இவ்விதியால் தேடும் பரப்பு வெகுவாகச் சுருங்கும். ஆயினும், அவ்வரிசையில் விடைக்குரிய எண் 1445580ஆவது இடத்திலன்றோ ஒளிந்திருந்தது! வேறு நுண்ணிய வழிகளாலும் பலவற்றைக் கழித்தொதுக்கியே கோல் அதனை அடைந்தார்.

1903 ஒக்டோபர் 31ஆம் நாள் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கம் கூடியது. அங்கு நிகழ்ந்ததாகக் கணித அறிஞர் ஈ. ரீ. பெல் எழுதிவைத்த செய்தி இது: கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் இவ்வெண்ணைக் கணித்தெழுதினார். மறுபுறத்தில் 193707721ஐயும் 761838257287ஐயும் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. மௌனமாகவே தம் இருக்கைக்குத் திரும்பினார். அவையோ கரவொலி எழுப்பியது. இதற்கு எவ்வளவு காலம் சென்றதென்று பின்னாளில் பெல் வினவியபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

அப்பெருக்கலை நானும் தாளில் செய்து பார்த்தேன். எட்டு வரிசைகள் எழுதிக் கூட்டினால் முடிந்தது. ஒரு மாலைப்பொழுதே மிகுதி. கண்டுபிடிக்க ஆண்டுகள், சரிபார்க்க நாழிகைகள்! இன்று கணினி இத்தேடலை நொடியில் முடித்துவிடும். ஆயினும், எண்களை மிகப் பெரியனவாக்கினால் கணினியும் திகைத்து நிற்கும். 1977இல் வகுக்கப்பட்ட இரகசியக் குறியீட்டு முறையொன்று இத்திகைப்பையே அரணாகக் கொண்டது.

எனினும், என் உள்ளத்தைக் கவர்வது அப்பயன் அன்று. பெரியவர் ஒருவரின் சொல்லை மாற்றக் கோலுக்கு வாதம் வேண்டியிருக்கவில்லை. பெருக்கத் தெரிந்த பள்ளிச் சிறுவனும் சோதித்தறியக்கூடிய ஒரு கணக்கே போதுமாயிருந்தது. சொன்னவர் யார் என்று பாராது மெய்ப்பொருள் காண்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?