கண்ட்ரோல் கியூ பழகிய விரல்கள்

கணினி வாங்குபவர் விலையும் வேகமும் பார்த்து வாங்குகிறார். சில ஆண்டுகள் கழித்து அதை மாற்றச் சொன்னால் மறுக்கிறார். அப்போது அவர் சொல்லும் காரணங்களில் விலைக்கும் வேகத்துக்கும் பெரிய இடம் இருப்பதில்லை. கைக்குப் பழகிவிட்டது என்பார். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் பற்று இப்படித்தான் வளர்கிறது. அது வளரும் விதத்தைப் பார்க்கச் சிவகாசி நல்ல இடம். திரைக்கு முன் உட்கார்ந்து பிழைக்கும் டிசைனர்கள் ஒரே ஊரில் இவ்வளவு நெருக்கமாக இருப்பது அரிது.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கும் பின்னால் வந்த பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வந்த அச்சுத் தொழில் காலண்டர், டைரி, நோட்டு என்று கிளைவிட்டது. ஓவியரின் தூரிகையும் அச்சுக் கோப்பவரின் கையும் செய்துவந்த வேலை, டிடிபி (டெஸ்க்டாப் பப்ளிஷிங்) பரவியபோது கணினிக்குள் போனது.

டிடிபி பிறந்தது மேக்கில். 1984இல் மெக்கிண்டாஷ் வந்தது. அடுத்த ஆண்டே ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் ஆகியவை ஒன்றுசேர்ந்தன. திரையில் தெரிந்த பக்கம் தாளில் அப்படியே வந்தது. 1993இல் ஆப்பிள் கொண்டுவந்த கலர்சிங்க் என்ற ஏற்பாடு ஸ்கேனர், திரை, அச்சுப்பொறி மூன்றிலும் நிறம் ஒத்துவர வழி செய்தது. விண்டோஸில் அப்படியொரு ஏற்பாடு வேரூன்றப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே, கலர் வேலை என்றால் மேக்தான் என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயமான அடிப்படை இருந்தது. இன்று நிறத்தைத் தீர்மானிப்பவை திரையின் அளவுத்திருத்தம், தாள், மை, பிளேட் ஆகியவையே. ஆனாலும் அந்த நம்பிக்கை குறையவில்லை. விலை அதிகம் என்பதும் மேக்கின் மதிப்பில் ஒரு பங்கு என்று சொன்னால் தவறாகாது.

சிறிய டிசைன் கடைகளுக்கு வழி வேறு. பேஜ்மேக்கர் 1987இல் விண்டோஸுக்கு வந்தது; 1989இல் விண்டோஸுக்கென்றே கோரல்டிரா பிறந்தது. உதிரி பாகங்களை வாங்கி உள்ளூரில் அசெம்பிள் செய்த சிஸ்டம் மேக்கின் விலையில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. உரிமம் வாங்காத மென்பொருள் பிரதிகள் இந்தியா முழுவதும் கைமாறிய காலமும் அதுதான். லேபிளுக்கு வேண்டிய வளைந்த எழுத்து, நிழல், சுடர், நட்சத்திரம் எல்லாவற்றையும் கோரல்டிரா ஒரே திரையில் தந்தது.

பற்றின் முதல் வேர் விரலில் இருக்கிறது. கோரல்டிராவில் மேட்டரை முடித்ததும் எழுத்துகளை கர்வ் (வெறும் கோட்டுருவம்) ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் எழுத்து சிதறிவிடும். அதற்கான விசை கண்ட்ரோலும் கியூவும். நாளைக்குப் பலமுறை அழுத்தி அழுத்தி, நினைக்காமலே விரல் அங்கே போய்விடும். மேக்கில் கமாண்டும் கியூவும் சேர்ந்தால் மென்பொருளே மூடிக்கொள்ளும். விண்டோஸிலும்கூட இல்லஸ்ட்ரேட்டருக்குள் கண்ட்ரோல் கியூவின் பொருள் வெளியேறு என்பதே. பத்து ஆண்டு பழகியவரை வேறு சிஸ்டத்தில் உட்காரவைத்தால் அவர் திடீரெனப் புதுப் பையனாகிவிடுகிறார். வேலை தெரிந்தவர் என்ற மதிப்பு அவரை விட்டுப் போய்விடுகிறது. அவர் நேசிப்பதாகச் சொல்லும் சிஸ்டத்தில் பாதி அவருடைய சொந்தத் திறமை. அடிக்கடி பார்க்கும் பொருள்மீது, வேறு காரணம் எதுவும் இல்லாமலே விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968இல் காட்டினார். இங்கே பார்ப்பதோடு கையும் சேர்ந்துகொள்கிறது.

தமிழ்த் தட்டச்சு இந்தக் கட்டை இன்னும் இறுக்குகிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்து லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களின் விரல்கள் பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசையில் ஓடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்99 என்ற, கற்க எளிதான விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. புதிதாகக் கற்பவருக்கு அதுவே நல்லது. ஏற்கெனவே வேகம் வந்தவருக்கு அது பல வார நட்டம். பழைய வரிசையைத் தரும் என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் விண்டோஸுக்கு எழுதப்பட்டதால், விரலோடு விண்டோஸும் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது ஃபாண்ட். யூனிகோடின் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு அதைக் கொண்டுவந்தது. ஆனால் டிடிபி உலகம் அதற்கு முன்பே வேறு வழியில் போயிருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஃபாண்ட்களே அங்கே புழங்கின. ஒவ்வொரு நிறுவனத்தின் வரிசையும் வேறு. போதாததற்கு, 128க்கு மேற்பட்ட இடங்களை மேக் ஒரு விதமாகவும் விண்டோஸ் வேறு விதமாகவும் அடுக்கியிருந்தன. மேக்கில் அடித்த தமிழ் விண்டோஸுக்குப் போனால் சில எழுத்துகள் மட்டும் மாறி நிற்கும். முழுவதும் குழம்பியிருந்தால் கண்ணில் பட்டுவிடும். சில மட்டும் மாறுவதே புரூஃப் பார்ப்பவருக்கு ஆபத்து. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. அது யூனிகோடைக் கடைசிவரை கற்கவில்லை.

சிவகாசியில் இதன் எடை அதிகம், ஏனெனில் இங்கே பழைய ஃபைல்தான் முதலீடு. தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம், சூலம், விரதநாள் என ஒவ்வொரு தாளிலும் கட்டம் கட்டமாக மேட்டர் உண்டு. முந்தைய ஆண்டின் அமைப்பின்மேல்தான் புது ஆண்டு ஏறுகிறது. பட்டாசு லேபிளும் அப்படியே. 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பசுமைப் பட்டாசு வந்தபோது, பெட்டிமேல் சிஎஸ்ஐஆர்-நீரி முத்திரையும் கியூஆர் கோடும் ஏறின. மயிலும் பூச்சட்டியும் இருந்த இடத்திலேயே இருந்தன. பழைய ஃபைலைத் திறக்க முடிகிற சிஸ்டத்துக்கு இங்கே தனி மரியாதை. கையில் இருப்பதை இழக்கும் வலி, புதிதாகப் பெறும் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்பதைக் கானமன், நெட்ஷ், தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சாதாரணக் காபிக் கோப்பை கிடைத்தவர்கள், அதை வாங்க வந்தவர்கள் சொன்ன விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கேட்டார்கள். கோப்பைக்கே அப்படி என்றால், பதினைந்து ஆண்டு ஃபைல்கள் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு விலை சொல்வது யார்?

அக்கம்பக்கமும் ஒரு காரணம். டிசைன் கடையிலிருந்து பிளேட் போடும் இடத்துக்கும், அங்கிருந்து அச்சகத்துக்கும் வேலை நகர்கிறது. எல்லாரும் கோரல்டிரா ஃபைலையே கேட்டால் தனியொருவர் மாறுவது வீண். சிக்கல் வந்தால் பக்கத்துக் கடைக்காரர் சொல்லிக்கொடுக்கும் வசதியும் போய்விடும். ஆங்கில விசைப்பலகையின் குவெர்ட்டி வரிசை நிலைத்தது இந்தக் காரணத்தால்தான் என்று பொருளியலறிஞர் பால் டேவிட் 1985இல் வாதிட்டார். விருதுநகரில் பருப்பு, வத்தல், எண்ணெய் வியாபாரம் நடக்கும் அலுவலகங்களில் இதே வேலையை டேலி செய்கிறது. அது விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருள். கணக்குப்பிள்ளைக்கும் ஆடிட்டருக்கும் அதுவே பொதுமொழி. 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் பிடி இன்னும் இறுகியது.

கையும் ஃபைலும் அக்கம்பக்கமும் விளக்காத பங்கு ஒன்று உண்டு. அதுதான் சண்டைக்கு இழுக்கிறது. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1994இல் மேக்கைக் கத்தோலிக்கத்துக்கும் டாஸ் இயங்குதளத்தைப் புராட்டஸ்டன்ட் நெறிக்கும் ஒப்பிட்டு வேடிக்கையாக எழுதினார். முன்னதில் எல்லாம் சடங்குபோல வழிகாட்டப்படும். பின்னதில் ஒவ்வொருவரும் தாமே பொருள் கண்டுகொள்ள வேண்டும். வேடிக்கையானாலும் அதில் உண்மை உண்டு. மேக் விரும்பி, தாம் தேர்ந்தெடுத்த ரசனையைக் காக்கிறார். லினக்ஸ் விரும்பி, மென்பொருள் எல்லாருக்கும் சொந்தம் என்ற கொள்கையைக் காக்கிறார். கூடவே, தாம் இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்த அமைப்பையும். தம் கையால் பொருத்திய பொருளை மனிதர் கூடுதலாக மதிப்பதை நார்ட்டன், மோச்சன், ஏரியலி 2012இல் ஆய்ந்து எழுதினார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. உழைக்காமல் கிடைத்ததாலும், கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாததாலும் இருக்கலாம், அந்த லினக்ஸ் பெரிதாகப் பரவவில்லை. கோரல் நிறுவனமே 1999இல் சொந்த லினக்ஸ் வெளியிட்டு, 2000இல் கோரல்டிராவையும் அதற்குக் கொண்டுவந்து, பிறகு கைவிட்டது இன்று பலருக்கும் மறந்துபோன கதை. அது நிலைத்திருந்தால் சிவகாசியின் திரைகள் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

இந்தக் கட்டுகளில் சில தளர்ந்து வருகின்றன. பிளேட் போடும் இடத்துக்கு பிடிஎஃப் அனுப்பினால் எந்த சிஸ்டம் என்று யாரும் கேட்பதில்லை. இன்டிசைன் தமிழ் யூனிகோடைச் சரியாகக் கையாள்கிறது. பழைய டைப் 1 ஃபாண்ட்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் நிறுத்தியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல், தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. மாற வேண்டியது தெரிந்தும் மாறாமலிருக்கக் காரணம் பிடிவாதம் மட்டும் அல்ல. பள்ளி திறக்கும்வரை நோட்டு வேலை, தீபாவளிவரை லேபிள், ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் தொடங்கும் காலண்டர் வேலை மார்கழிவரை. புதிய சிஸ்டத்தில் தட்டுத்தடுமாறுவதற்கு ஒதுக்க, ஆண்டில் காலி மாதம் என்று ஒன்று கிடைப்பதில்லை.