ஏடும் படியும்

ஓலையில் எழுதிய காலத்திலே, ஓர் ஏடு செல்லரித்து அழியுமுன் அதனைப் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்தல் கற்றோர் கடமையாகக் கருதப்பட்டது. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பதிப்பாசிரியர்கள் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்ற முடிந்தது, படிகள் பல இடங்களிற் சிதறிக் கிடந்தமையாலேயே. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறிடத்திற் பிரதிகள் இருந்தன. வேறு படியில்லாத சுவடிகளோ மீளவேயில்லை.

இன்று எழுத்து ஓலையையும் தாளையும் கடந்து கணினியுட் புகுந்துவிட்டது. மாணவர் பெற்ற புள்ளிகள், வணிகர் கணக்குகள், குடும்பத்தின் ஒளிப்படங்கள் ஆகிய யாவும் அங்கேயே உறைகின்றன. "கணினியில் இருக்கிறது" என்றவுடன் பலர் மனம் அமைதி கொள்கிறது. ஆனால், வன்தட்டும் ஒரு பொறியே என்பதை மறத்தல் ஆகாது. அதனுள்ளே தட்டுகள் நிமிடத்துக்குப் பல்லாயிரந் தடவை சுழல, அவற்றைத் தொடாமல் தலைமயிரின் பருமனிலும் மிகச் சிறிய இடைவெளியில் வாசிக்குந் தலை அசைகின்றது. ஒரு வீழ்ச்சியோ மின்னதிர்ச்சியோ தேய்வோ போதும், பல்லாண்டு உழைப்பு ஒரு நொடியில் மறைந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுப் பொறி ஏறத்தாழ ஒரு தொன் எடையுடையது. அது கொண்டதோ ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்றோ சட்டைப் பையில் அடங்கும் வெளி வன்தட்டு ஒன்று அதனைப்போல் பல இலட்சம் மடங்கு கொள்ளும். அதனை யூ.எஸ்.பி. வடத்தினாற் கணினியோடு இணைத்துக் கோப்புகளைப் படியெடுக்கலாம். மாறிய கோப்புகளைத் தாமாகவே தேர்ந்து படியெடுக்கும் வசதிகள் விண்டோஸ், மக்கின்டோஷ் ஆகிய இருவகைக் கணினிகளிலும் உள்ளன. வேலை முடிந்ததும், பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்த பின்னரே வடத்தைக் கழற்றுதல் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கையிற் பிடுங்கினாற் கோப்பு சிதையக்கூடும்.

ஈண்டுச் சில தவறுகள் விலக்கற்பாலன. முதலாவது, கணினியில் இடமில்லையென்று கோப்புகளை வெளித்தட்டுக்கு நகர்த்திவிட்டு, அதனையே காப்பு என எண்ணுதல். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றியது படியாகாது. அப்போதும் உள்ளது ஒன்றே.

இரண்டாவது, தட்டினை எந்நேரமும் கணினியோடு இணைத்தே வைத்தல். கோப்புகளைப் பூட்டிப் பணங் கேட்கும் தீய நிரல்கள், இணைந்திருக்கும் படியையுஞ் சேர்த்தே பூட்டிவிடும். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மின்னஞ்சற் சேவை இத்தகைய நிரலொன்றினாற் தாக்குண்டது. சேவை விரைவில் மீண்டும் இயங்கியது. ஆயினும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்களுக்குப் படி இன்மையால் அவை இழக்கப்பட்டன. படி இல்லாத காலம் எதுவோ, அதுவே இழந்த காலமாயிற்று. ஆதலின், காப்பெடுத்தல் ஆண்டுக்கொருமுறை செய்யுஞ் சடங்காகாது, நாள் குறித்துச் செய்யும் வழக்கமாதல் வேண்டும்.

மூன்றாவது, கணினியையும் தட்டினையும் ஒரே மேசையிலே வைத்தல். தீயும் வெள்ளமும் கள்வருஞ் சேர்ந்தே இரண்டையும் கொண்டுபோவர். பிரதிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது இத்துறையில் வழங்கும் விதி. உறவினர் வீட்டிலோ நிறுவனத்தின் மற்றொரு கட்டடத்திலோ ஒரு தட்டினை வைத்து, மாதந்தோறும் மாற்றிவரலாம். அந்தரங்கமான கோப்புகளாயின் கடவுச்சொல்லிட்டு மறைகுறியாக்கி வைத்தல் நன்று. அச்சொல்லை மறந்தாற் படி இருந்தும் பயனில்லை.

இறுதியாக, எடுத்த படியைத் திறந்து பார்த்தல் இன்றியமையாதது. வேறொரு கணினியில் இரண்டொரு கோப்புகளைத் திறந்து வாசித்து, அவை முழுமையாக உள்ளனவென உறுதிசெய்தல் சில நிமிட வேலையே. படியெடுத்த ஏட்டினை மூலத்தோடு ஒப்புநோக்காது கட்டிவைப்பதை முன்னோர் ஏற்றதில்லை. ஓலை மாறி வன்தட்டு வந்தபோதும் அவ்வொழுக்கம் மாறவேண்டுவதில்லை.