மீன்தொட்டியில் காவிக் கசடு

போர்வெல்லிலிருந்து இறைத்தவுடன் தெளிந்திருக்கும் நீர், வாளியில் சிறிது நேரம் நின்றால் மஞ்சளிக்கும். மறுநாள் அடியில் காவி நிறத்தில் பொடி படிந்திருக்கும். அது நீரில் கரைந்திருந்த இரும்பு. மேல்நிலைத் தொட்டியின் சுவரிலும், கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குள்ளும் அதே நிறக் கசடு பொடியாக உதிராமல் கொழகொழவென்று கையில் ஒட்டினால், இரும்போடு இரும்பு பாக்டீரியாவும் குடியிருக்கிறது என்று கொள்ளலாம்.

நிலத்தடியில் ஆக்சிஜன் அரிது. அங்கே இரும்பு, ஃபெரஸ் வடிவில் நிறமின்றிக் கரைந்திருக்கும். காற்றுப் பட்டதும் ஃபெரிக் வடிவுக்கு மாறி, கரையாத துருவாகத் திரளும். இந்த மாற்றத்தில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டே வாழ்பவை காலியோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள். கனிமப் பொருளை ஆக்சிஜனேற்றிப் பிழைக்கும் உயிர்கள் உண்டு என்ற கருத்தை, இரும்பு பாக்டீரியாக்களுக்கும் பொருத்தி 1888-இல் எழுதினார் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. இந்தப் பிழைப்பில் வருமானம் மிகக் குறைவு. சிறிது வளர்வதற்கே ஏராளமான இரும்பை மாற்றியாக வேண்டும். அதனால்தான் கசட்டில் உயிருள்ள செல்களைவிடத் துருவே அதிகம். ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் காலியோனெல்லாவின் முறுக்கிய நாடாக்களும், லெப்டோத்ரிக்ஸ் என்ற இன்னொரு இரும்பு பாக்டீரியா விட்டுச்சென்ற வெற்று உறைகளும் துருப் பூசி நிற்பது தெரியும்.

மனிதருக்கு இவை நோய் தருபவை அல்ல. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் துணியில் கறை படியும், நீர் துருவேறிச் சுவைக்கும், அவ்வளவுதான். மீனின் நிலை வேறு. கரைந்த இரும்பு செவுளைத் தொடும் இடத்திலேயே துருவாகிப் படிகிறது. ஒரு மில்லிகிராம் இரும்பு, ஏறத்தாழ 1.9 மில்லிகிராம் ஃபெரிக் ஹைட்ராக்சைடாகத் திரளும். செவுள் இழைகள் அடைபட்டால், நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். முட்டைகளின்மேல் படிந்தால் அவை மூச்சடைத்துச் சாகும். சென்னை கொளத்தூர்ப் பக்கத்தைப் போல வண்ணமீன் குஞ்சு பொரிக்கும் இடங்களில் இந்தச் சேதம் நேரடியாகத் தொழிலைத் தாக்கும்.

தொட்டியில் தெரியும் பழுப்பெல்லாம் இரும்பு பாக்டீரியா அல்ல. புதுத் தொட்டிக் கண்ணாடியில் படரும் மெல்லிய பழுப்புப் படலம் பெரும்பாலும் டயாட்டம் பாசி, துடைத்தால் போய்விடும். தேங்கிய நீரின்மேல் எண்ணெய் போல் மினுங்கும் ஏடும் குழப்பம் தருவதுண்டு. குச்சியால் கலைத்தால் எண்ணெய் மீண்டும் ஒன்றுகூடும். பாக்டீரியா ஏடு சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே மிதக்கும்.

மீன் வளர்ப்பவர் பாக்டீரியாவைக் கொல்வதில் முனைப்புக் காட்டுவதைவிட, இரும்பைத் தொட்டிக்கு வெளியிலேயே நிறுத்துவது புத்திசாலித்தனம். இரும்பு இல்லையென்றால் பாக்டீரியாவுக்கு அங்கே வேலையில்லை. இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தனித் தொட்டியில் நீரைப் பூவாளி வழியாக உயரத்திலிருந்து விழவிட்டு, ஏர் பம்ப் வைத்து ஒரு நாள் கலக்க வேண்டும். ஆக்சிஜன் ஏறும்போதே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் பிஎச் உயரும். பிஎச் ஓர் அலகு உயர்ந்தால் இரும்பு துருவாகும் வேகம் சுமார் நூறு மடங்காகும். பிஎச் ஆறுக்குக் கீழே இருந்தால் காற்று மட்டும் போதாது. நீரைச் சுண்ணாம்புக்கல் சல்லி வழியாக விடலாம். பிறகு காற்றை நிறுத்தி, கசடு படியவிட்டு, மேல்நீரை மணல் வடிகட்டி வழியே எடுக்க வேண்டும். மணலை அடிக்கடி அலசாவிட்டால் அதுவே பாக்டீரியாவின் புதுக் குடியிருப்பாகிவிடும். ஆர்.ஓ. கருவிக்கும் இந்த முன்வேலை தேவை. இல்லையேல் துரு அதன் சவ்வை அடைத்துவிடும்.

போர்வெல்லிலேயே கசடு மண்டி மோட்டார் அடைபட்டால், குளோரின் வழக்கமான வழி. ஆறரை அங்குல போர்வெல்லில் 50 மீட்டருக்கு நீர் நின்றால் அது சுமார் 1,000 லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் கணக்கில், 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 300 கிராம் வேண்டும். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிச் சுமார் ஒரு நாள் விட்டு, வாடை போகும்வரை இறைத்து வெளியேற்ற வேண்டும். அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு வெளிவரும். கொழகொழப்பு உறைக்குள் குளோரின் எளிதில் இறங்காது என்பதால், முதலில் குழாயைத் தேய்த்துக் கசட்டை அகற்றுவது அவசியம். அப்படிச் செய்தாலும் மாதங்கள் கழித்து அது மீண்டும் தலைகாட்டும். முழு ஒழிப்பு என்பது அபூர்வம்.

மீன் இருக்கும் தொட்டியில் மட்டும் பிளீச்சிங் பவுடரைக் காட்டவே கூடாது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு குளோரின்கூட மீனைக் கொல்லக்கூடியது. அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அதோடு போகும். காவி படிந்த வடிகட்டி ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து தனியே எடுத்த நீரில் பிழிந்து அலசினால் போதும். போர்வெல்லில் குளோரின் போட்ட பிறகு எடுக்கும் முதல் நீரைச் சோதனைக் கிட்டால் பார்த்து, குளோரின் அறவே இல்லையென்று தெரிந்த பிறகே தொட்டியில் விட வேண்டும்.