அடுத்த மேசையின் எண்

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1922-இல் வெளியிட்ட வானிலை நூலில் ஒரு மாபெரும் மண்டபத்தைக் கற்பனை செய்தார். உருண்டையான அதன் உட்சுவர் முழுக்க உலக வரைபடம். அதையொட்டி அடுக்கடுக்காக 64,000 பேர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் பகுதியின் வானிலைக் கணக்கில் ஒரு பங்கைச் செய்து, விடையைச் சிறு பலகையில் காட்டுகிறார். பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்த பிறகுதான் தம் அடுத்த கணக்கைத் தொடங்க முடியும். நடுவில் உயர்ந்த தூண் மேல் ஒருவர் நிற்கிறார். முந்தி ஓடும் பகுதிமீது ரோஜா நிற ஒளியையும், பின்தங்கும் பகுதிமீது நீல ஒளியையும் அவர் பாய்ச்சுகிறார்.

மின்னணுக் கணினி பிறக்காத காலம் அது. இன்றைய மீத்திறன் கணினிக்குள் நடப்பது ஏறத்தாழ இதுவேதான். என்னை வியக்க வைப்பது 64,000 என்ற எண் அல்ல. அந்தப் பலகையும் விளக்கும்தான். பலர் சேர்ந்து கணக்கிடும்போது கடினமானது கணக்கல்ல, ஒருவர் எண்ணுக்காக இன்னொருவர் காத்திருப்பது என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

2005 வாக்கில், தனிச் செயலியின் வேகத்தை மேலும் கூட்ட வெப்பம் தடையாக நின்றது. அதன்பின் வேகம் வேண்டுமென்றால் செயலிகளைப் பெருக்குவதே வழி. புனேயில் 2024-இல் தொடங்கிவைக்கப்பட்ட 'அர்கா' என்ற மீத்திறன் கணினி 11.77 பெட்டாஃபிளாப்ஸ் திறன் கொண்டது; அதாவது நொடிக்குச் சுமார் 118 கோடி கோடி கணக்குகள். ஆனால், ஒரே வரிசையில் ஓடும்படி எழுதிய நிரலை அதில் ஏற்றினால் செயலிக்குள் ஒரு கோர், அதாவது ஒரு கணக்கிடும் அலகு மட்டும் உழைக்கும், மற்றவை சும்மா இருக்கும். ஆய்வு மாணவர் இணை நிரலாக்கம் கற்க வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் வேலையைப் பங்கிட வேண்டும். வளிமண்டலத்தைக் கட்டங்களாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறோம். துண்டின் நடுவில் இருக்கும் புள்ளிக்கு எல்லா எண்ணும் கைவசம் உண்டு. ஓரத்துப் புள்ளிக்கோ பக்கத்துத் துண்டின் எண் வேண்டும். ஆகவே ஒவ்வொரு காலப் படியிலும் ஓர எண்கள் கைமாறுகின்றன. இதற்கென 1994-இல் வகுக்கப்பட்ட எம்பிஐ என்ற பொது விதிமுறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கனசதுரத் துண்டின் பக்க அளவை இரட்டித்தால் உள்ளே கணக்கு எட்டு மடங்காகிறது. பேச வேண்டிய பரப்போ நான்கு மடங்குதான். துண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் இது தலைகீழாகும். ஒரு கட்டத்தில் உழைப்பைவிடப் பேச்சு மிகுந்துவிடும்.

புதிதாகக் கற்பவரைத் திகைக்க வைக்கும் பிழை ஒன்று உண்டு. இரண்டு செயலிகளும் 'முதலில் நீ அனுப்பு' என்று காத்திருக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால், பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் அப்படியே உறைந்துவிடும். யாருக்கு யாருடைய எண் எப்போது வேண்டும் என்பதைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டு நிரல் எழுதுவதே நல்ல பழக்கம் என்பேன்.

இன்னொரு எல்லையை 1967-இல் ஜீன் ஆம்தால் சுட்டிக்காட்டினார். வேலையில் 5 சதவீதம் பங்கிட முடியாததாக இருந்தால், ஆயிரம் செயலிகள் போட்டாலும் வேகம் 20 மடங்கை எட்டாது. ஆனால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பழைய கணக்கை விரைவாக முடிக்க மட்டும் பெரிய கணினியைத் தேடுவதில்லை. இன்னும் நுண்ணிய கட்டங்களோடு இன்னும் பெரிய கணக்கை எடுக்கிறார்கள். கணக்கு பெருக்கப் பெருக்கப் பங்கிட முடியாத பகுதியின் விகிதம் பொதுவாகச் சுருங்குகிறது. 1988-இல் ஜான் குஸ்டாஃப்சன் முன்வைத்த இந்த வாதம் ஆயிரக்கணக்கான செயலிகளுக்கு நியாயம் தேடித் தந்தது.

எனக்கு மிகவும் பிடித்த புதிர், கூட்டலில் இருக்கிறது. வழக்கமான இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறக்குறைய 16 இலக்கங்கள்தான் நிற்கும். 1-க்குப் பின் 16 சுழியங்கள் கொண்ட எண்ணோடு 1-ஐக் கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழித்தால் கணினி தரும் விடை 0. கழித்துவிட்டுக் கூட்டினால் 1. செயலிகளின் எண்ணிக்கை மாறும்போது எதை முதலில் கூட்டுவது என்ற வரிசையும் மாறலாம். எனவே ஒரே நிரல், ஒரே தரவு, 64 கோர்களில் ஒரு விடையும் 128 கோர்களில் கடைசி இலக்கங்கள் மாறிய விடையும் தரக்கூடும். வானிலை மாதிரியில் அந்தச் சிறு வேறுபாடு நாள்போக்கில் வளர்ந்து வேறொரு புயலாகவே மாறலாம். கூட்டும் வரிசையை நிரலில் கட்டிப்போடலாம். ஆனால் அதற்கு நேரம் செலவாகும். அதனால் சில ஆய்வுக்குழுக்கள் பிழை தேடும்போது மட்டும் வரிசையைக் கட்டிவைத்து, முழு ஓட்டத்தின்போது அவிழ்த்துவிடுகின்றன.